தையல் விட்ட இடம் ஒன்று, காரணம் வேறு: கடலோரத் துணிகளுக்கான பழுது வழிமுறை

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊரான மண்டபத்தில் என் மெஷினுக்குப் புதுத் துணியைவிடப் பழுதுத் துணிதான் அதிகம் வரும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாளும், இன்னும் கூடும். வீட்டில் காசு புரளாத நேரத்தில் இருப்பதைச் சரிசெய்து உடுத்தத்தானே பார்ப்பார்கள். கொண்டுவருகிற எல்லோரும் சொல்வது ஒன்றே: “இந்த இடத்துல ஒரு தையல் போட்டுக் குடு.” சொன்னபடி அந்த இடத்தில் ஒரு தையல் போட்டுக் கொடுத்தால், பத்து நாளில் அதே துணி, அதே இடத்தில், இன்னும் பெரிய கிழிசலோடு திரும்பி வரும்.

அதனால் ஊசியில் நூல் கோர்ப்பதற்கு முன்னால் விட்ட இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்கும்.

நூல் அறுந்திருக்கிறது, துணி முழுசாக இருக்கிறது என்றால், துணி நீண்ட அளவுக்குத் தையலால் நீள முடியவில்லை, அல்லது நூல் வெயிலில் இற்றுவிட்டது. நூல் முழுசாக இருந்து, தையலை ஒட்டித் துணி கிழிந்திருந்தால், அந்த உடுப்பின் வெட்டு சரியில்லை. இழுவை முழுதும் ஒரே இடத்தில் விழுகிறது. நூலும் அறவில்லை, துணியும் கிழியவில்லை, ஆனால் தையலோரம் இழைகள் ஏணிப்படி மாதிரி விலகி நிற்கின்றன என்றால், நெசவு தளர்வான துணியை இறுக்கமாக, அல்லது தையலுக்கு வெளியே போதிய விளிம்பு விடாமல் தைத்திருக்கிறார்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. நூல் அறுந்ததற்குச் செய்கிற வேலையைத் துணி கிழிந்ததற்குச் செய்தால் கேடுதான் வரும்.

அக்குளில் கிழிகிறது, கையைத் தூக்கினால் சட்டையே மேலே ஏறுகிறது

எங்கள் கரையில் இதுதான் பெரிய பழுது. பாசி எடுக்கப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் கடலில் இறங்குவார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்க வேண்டும். கை எப்போதும் முன்னால் நீண்டோ தலைக்கு மேலேயோ இருக்கும். கடைச் சட்டை அதற்காகவா வெட்டப்பட்டது? நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும் இருப்பவர்களுக்கு வெட்டியது.

சின்னப்பாலத்துப் பெரியம்மா ஒருவர் இப்படிக் கிழிந்த சட்டையைக் கொண்டுவந்து, “என்னத்தா, நூலை ரெட்டையாப் போட்டு நெருக்கித் தச்சுரு, இனி விடவே கூடாது” என்றார். நானும் அன்று அப்படியே செய்தேன். தடித்த நூல், மிக நெருக்கமான தையல். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. என் தையல் அப்படியே இருந்தது. அதை ஒட்டித் துணி நேர்கோடாகப் பிளந்திருந்தது. நெருக்கமாகப் போட்ட ஊசித் துளைகள், கிழிப்பதற்கென்றே போட்ட கோடு மாதிரி ஆகிவிட்டன. தையலில் ஏதாவது ஒன்று விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அது நூலாக இருக்கட்டும். நூலை மறுபடி போட்டுவிடலாம், பிளந்த துணியை முழுசாக்க முடியாது. அன்று முதல் எந்தத் துணிக்கும் துணியைவிட வலுவான நூலை நான் போடுவதில்லை. தையல் நீளம் சாதாரணத் துணிக்கு 2.5 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்குப் பத்துத் தையல். அதுவே போதும்.

அப்படியானால் காரணம் எங்கே? கை வளைவின் ஆழத்தில். பலரும், தைக்கிறவர்கள்கூட, வளைவை ஆழமாக வெட்டினால் கைக்கு வசதி என்று நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். வளைவு கீழே இறங்க இறங்க, இடுப்புக்கும் அக்குளுக்கும் நடுவில் இருக்கும் துணி குறைகிறது. கையைத் தூக்கும்போது நீள்வதற்குத் துணி இல்லாததால் சட்டை முழுதும் மேலே ஏறுகிறது. சேலைக்குள் செருகியிருந்தால் ஏற முடியாமல் கிழிகிறது. புதுச் சட்டை வெட்டும்போது வளைவை அக்குளுக்கு நெருக்கமாக, ஒரு அங்குல இடைவெளி மட்டும் விட்டு வெட்டினால் கை தாராளமாக உயரும். சொன்னால் நம்பமாட்டார்கள், போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஏற்கெனவே ஆழமாக வெட்டிய சட்டைக்கு அக்குளில் ஒரு சதுரத் துணி சேர்ப்பதுதான் வழி.

1. கையின் அடித் தையலும் பக்கத் தையலும் வளைவுத் தையலும் சந்திக்கும் புள்ளியிலிருந்து, பக்கத் தையலைக் கீழ்நோக்கி 3 அங்குலமும், கையின் அடித் தையலை 3 அங்குலமும் பிரியுங்கள். வளைவுத் தையலைப் பிரிக்க வேண்டாம். பிரித்த இடம் சாய்சதுரமாகத் திறந்துகொள்ளும்.

2. அதே கனமுள்ள, பல தடவை துவைத்த பருத்தித் துணியில் 4 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டுங்கள். வேறு துணி இல்லையென்றால் சட்டையின் கீழ் ஓரத்திலிருந்தோ பையிலிருந்தோ எடுக்கலாம். நான்கு ஓரத்திலும் அரை அங்குலக் கோட்டைச் சாக்பீஸில் போட்டுக்கொள்ளுங்கள். தைத்து முடித்தால் 3 அங்குலம் நிற்கும்.

3. சதுரத்தின் ஒரு மூலை கைப் பக்கம், எதிர் மூலை இடுப்புப் பக்கம், மற்ற இரண்டும் வளைவுத் தையல் முடியும் இடங்களில். இப்படி வைத்தால் இழுவை துணியின் மூலைவாட்டில் விழும். துணி மூலைவாட்டில்தான் கிழியாமல் நீளும். இந்த வேலையின் உயிரே இதுதான்.

4. ஒவ்வொரு மூலையிலும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, ஃபுட்டை (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை) தூக்கி, துணியைத் திருப்பி, மறுபடி தொடருங்கள். மூலையில் நிறுத்தாமல் ஓட்டிப் போனால் அங்கே சுருக்கம் விழும், அந்தச் சுருக்கத்தில்தான் அடுத்த கிழிசல் தொடங்கும்.

5. உள்ளே நிற்கும் விளிம்பை மடித்து ஒரு மேல்தையல் போடுங்கள். ஈரத்துணியில் முனை நூல் உரசினால் அக்குள் புண்ணாகிவிடும்.

பழைய கிழிசல் அரை அங்குலத்துக்குள் இருந்தால் விளிம்பு மடிப்புக்குள்ளேயே மறைந்துவிடும். அதைவிடப் பெரிதென்றால் பின்னால் மெல்லிய துணி ஒன்றை வைத்து, கிழிசலின் இரு கரையையும் அதோடு சேர்த்துத் தைத்த பிறகு சதுரத்தைச் சேருங்கள்.

கடலுக்குள் போட ரேயான் துணி வேண்டாம். நைட்டியும் டாப்பும் இப்போது பெரும்பாலும் ரேயானில்தான் வருகின்றன. காய்ந்திருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். நனைந்தால் அதன் வலு பாதியளவுக்கு இறங்கிவிடும். பருத்தி அப்படியில்லை, நனைந்தால் இன்னும் வலுக்கும். நூல் மட்டும் பாலியஸ்டரில் இருக்கட்டும். வெயிலிலும் ஈரத்திலும் பருத்தி நூலைவிட அதிக நாள் தாங்கும்.

இன்னொன்று, உப்பு. கடல்நீரில் நனைந்த துணியை அப்படியே கொடியில் போட்டால் நீர் போய் உப்பு இழைகளுக்குள் படிந்துவிடும். மடங்கும் இடத்திலெல்லாம் அந்த உப்புப் பொடி இழையை அறுக்கும். குடத்துக்குக் காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்கும் வீடுகளில் தினமும் அலசு என்று சொல்வது எனக்கே கூசுகிறது. முதல் அலசல் எந்தத் தண்ணீரிலும் போகட்டும், கடைசியாக ஒரு அலசல் மட்டும் நல்ல தண்ணீரில் கொடுங்கள். பழுது பார்க்க வந்த துணியையும் அலசிக் காயவைத்த பிறகே மெஷினில் ஏற்றுங்கள்.

நூல் மட்டும் அறுகிறது: கால்சட்டையின் பின் தையல்

பள்ளிப் பிள்ளைகள் குனிந்து நிமிர்ந்தால் விடுகிற இடம். அந்தத் தையல் வளைவாக, பாதி மூலைவாட்டில் போகிறது. துணி நீள்கிறது, நூல் நீள்வதில்லை. ஒரு காலை வெளிப்பக்கமாகத் திருப்பி, இன்னொரு காலுக்குள் நுழைத்து, முன் இடுப்பிலிருந்து பின் இடுப்புவரை ஒரே வளைவாகத் தையுங்கள். தைக்கும்போது இரு கையாலும் துணியை லேசாக இழுத்துப் பிடியுங்கள். அப்போதுதான் நீள்வதற்கு உண்டான நூல் தையலுக்குள் போகும். வளைவான பகுதியில் மட்டும், விளிம்புப் பக்கமாக ஒரு நூல் அளவு (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தள்ளி இரண்டாவது வரி போடுங்கள். தைத்ததையே தைத்து அதே துளையில் மூன்று வரி போடுவதால் பலம் வராது.

பட்டு ஜாக்கெட்டில் முதுகுத் தையலோரம் இழை விலகுகிறது

பரமக்குடி நெசவாளர்கள் நீளவாட்டு இழையைப் பாவு என்பார்கள், குறுக்கு இழையை ஊடை என்பார்கள். மென்மையான பட்டிலும் பளபளப்பான செயற்கைப் பட்டிலும் இந்த இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். ஜாக்கெட் இறுக்கமாக இருந்தால் தையல் ஒரு பக்க இழைகளை இழுத்துக்கொண்டு போய்விடும். இதற்கு நூலை மாற்றிப் பயனில்லை, தையலை நெருக்கியும் பயனில்லை.

முதலில் இறுக்கத்தைக் குறையுங்கள். நல்ல தையல்காரர் பக்கத் தையலின் உள்ளே ஒரு அங்குலமாவது துணி விட்டிருப்பார்; இரண்டு பக்கமும் சமமாக அரை அங்குலம் விடுங்கள். பிறகு விலகிய இடத்தின் உள்பக்கம், மெல்லிய பருத்தியில் ஒன்றரை அங்குல அகலப் பட்டையை நேர் இழையில் வெட்டி, தையலின் நடுவில் வைத்து இரு விளிம்போடும் சேர்த்துத் தையுங்கள். இழுவையைப் பருத்தி வாங்கிக்கொள்ளும். விலகிய இழைகளை ஊசி முனையால் மெதுவாகத் தள்ளி, ஈரத்துணி விரித்து இஸ்திரி போட்டால் பெரும்பாலும் கூடிவிடும். புதிதாகத் தைப்பது என்றால் லைனிங்கையும் பட்டுத் துணியையும் தனித்தனியாகத் தைத்து மூட்டாமல், இரண்டையும் சேர்த்து ஒரே துணியாகப் பாவித்துத் தைப்பதுதான் இந்தத் துணிக்கு ஏற்றது.

டாட் முனை கூம்பி நிற்கிறது

டாட் என்பது உடம்பின் வளைவுக்காகத் துணியைக் கூராக மடித்துப் போடுகிற தையல். அது சரியான இடத்தில்தான் இருக்கும், முடித்த விதம் சரியிருக்காது. கடைசி அரை அங்குலம் மடிப்பின் ஓரத்தோடு ஒட்டி, கிட்டத்தட்ட மடிப்புக்கு இணையாகத் தையல் ஓட வேண்டும். நேராக வந்து சட்டென்று வெளியேறினால் கூம்பு நிற்கும். முனையில் ரிவர்ஸ் தையல் போடாதீர்கள். நூலை இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, கையால் முடிச்சுப் போடுங்கள். மார்பின் உச்சிவரை டாட்டைக் கொண்டுபோகவும் கூடாது, அரை முதல் ஒரு அங்குலம் முன்னாலேயே நிறுத்த வேண்டும். இஸ்திரி போடும்போது ஒரு துண்டைச் சுருட்டி உருண்டையாக அடியில் வைத்துப் போடுங்கள். உடம்பு வளைவானது, மேசை தட்டையானது. தட்டையில் தேய்த்தால் நீங்கள் தைத்துக் கொடுத்த வடிவத்தை இஸ்திரிப் பெட்டியே அழித்துவிடும்.

கழுத்து தோளிலிருந்து சரிகிறது

வெட்டியபோது அளவு சரியாக இருந்திருக்கும். வெட்டிய பிறகு துணியைக் கையில் தூக்கியதில், மெஷினில் இழுத்ததில், கழுத்தின் வளைவு விரிந்துவிட்டது. வளைவின் பாதி மூலைவாட்டில் இருக்கிறது, அது இழுத்த பக்கம் போகும். அதனால் வெட்டிய உடனே, வேறெதையும் தொடுவதற்கு முன்னால், ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் ஒரு ஒற்றைத் தையல் ஓட்டிவிடுங்கள். கழுத்து அப்படியே நிற்கும்.

தைத்து முடித்த ஜாக்கெட் என்றால் கழுத்தோரத்தில் வைத்துத் தைத்த பைப்பிங்கைப் பிரித்து, கழுத்தோரம் கைநூல் ஓட்டி, மொத்தச் சுற்றில் அரை அங்குலம் சுருக்கி இழுங்கள். ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டால் சுருக்கம் துணிக்குள்ளேயே அடங்கிவிடும். பிறகு பைப்பிங்குக்கான கிராஸ் துணியை, அதாவது மூலைவாட்டுப் பட்டையை, கொஞ்சம் குறைவான நீளத்தில் வெட்டி, மறுபடி வைத்துத் தையுங்கள்.

கொக்கிகளுக்கு நடுவே வாய் பிளக்கிறது

கொக்கிகளை மேலிருந்து கீழாகச் சம தூரத்தில் வைத்துக்கொண்டே வருவதால் வருவது. முதல் கொக்கியை மார்பின் அகலமான இடத்தில் வையுங்கள், மற்றதை அதற்கு மேலும் கீழும் பங்கிடுங்கள். பட்டிக்குள் ஒரு மெல்லிய கேன்வாஸ் துண்டு இருந்தால் மடங்காது. அதற்கப்புறமும் கொக்கியிலிருந்து பக்கவாட்டில் சுருக்கம் ஓடினால் உடுப்பு இறுக்கம், அவ்வளவுதான், பக்கத்தை விடுங்கள்.

அபாயாவின் கீழ் ஓரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கமிருந்து வருகிற வேலை இது. அகலமான அபாயாவிலும் அம்பர்லா கட் பாவாடையிலும், வட்டத்தின் சில இடங்களில் துணி நேர் இழையில் தொங்கும், சில இடங்களில் மூலைவாட்டில் தொங்கும். மூலைவாட்டில் தொங்குகிற இடம் தன் கனத்தால் கீழே இறங்கும். அளந்து வெட்டியது தவறில்லை. வெட்டிய அன்றே ஓரம் மடித்ததுதான் தவறு.

ஓரம் தவிர மற்ற எல்லாம் தைத்து முடித்து, ஒரு பகல் ஒரு இரவு ஹேங்கரில் தொங்கவிடுங்கள். கச்சான் காற்று அடிக்கிற காலமென்றால் சன்னலோரம் வேண்டாம், காற்று இழுத்து இன்னும் கோணலாக்கும். பிறகு போடுகிறவரையே நிற்கவைத்து, தரையிலிருந்து அளவுகோல் வைத்துச் சுற்றிலும் சாக்பீஸில் குறியுங்கள். அவர் திரும்பக் கூடாது, நீங்கள்தான் சுற்றி வர வேண்டும். திரும்பினால் துணி ஆடும், குறி மாறும். மடிப்பு கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். வட்டமான ஓரத்தை அகலமாக மடித்தால் முறுக்கிக்கொள்ளும்.

கைலி மூட்டிய இடத்தில் பிரிகிறது

ஒற்றைத் தையலில் மூட்டியிருப்பார்கள். பிரித்துவிட்டு, ஒரு ஓரத்தை அரை அங்குலம் வெளியே நீட்டி வைத்துத் தைத்து, நீட்டியதை மற்றதன் மேல் மடித்து இன்னொரு தையல் போடுங்கள். இரண்டு தையலும் இழுவையைப் பங்கிட்டுக்கொள்ளும், முனை நூலும் வெளியே தெரியாது. வலை இழுக்கிறவர்கள் கைலியை மடித்துக் கட்டும்போது இந்த மூட்டுத்தான் இடுப்பில் வந்து நிற்கும். கனமாக இருந்தால் உறுத்தும்.

பை மூலையும் பொத்தானும் துணியோடு பிய்கின்றன

இரண்டுக்கும் காரணம் ஒரே ஒற்றைத் துணியில் தைத்தது. பை மூலைக்குப் பின்னால் ஒரு அங்குலச் சதுரத் துணி வைத்து, மேல் மூலையில் சிறு முக்கோணமாகத் தையுங்கள். பொத்தானுக்குப் பின்னால் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒன்றை வைத்து இரண்டையும் சேர்த்துத் தையுங்கள். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சி கனத்துக்கு இடம் விட்டு நூலைச் சுற்றி முடியுங்கள். காஜாப் பட்டி உட்கார அந்த இடம் வேண்டும்.

தையலே சரியாக விழவில்லை

அடியில் நூல் வளையம் வளையமாக நின்றால் பாபினை (அடிநூல் சுற்றிய உருளையை) திட்டாதீர்கள், பிழை மேல் நூலில். ஃபுட்டைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தால் டென்ஷன் தகடுகளுக்குள் நூல் போகாது. தூக்கி வைத்துக் கோர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும். மேல்பக்கம் வளையம் நின்றால்தான் பாபின் கேஸ். அதை நூலில் தொங்கவிட்டு லேசாக உதறுங்கள். கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். கடகடவென்று விழுந்தால் தளர்வு, அசையவே இல்லையென்றால் இறுக்கம். திருகாணியைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

தைக்கும்போது நன்றாக இருந்து, துவைத்த பிறகு தையல் சுருங்கினால், பாலியஸ்டர் நூலைப் பாபினில் வேகமாக, இறுக்கிச் சுற்றியிருக்கிறீர்கள். நீண்டு போன நூல் பிறகு பழைய நீளத்துக்குத் திரும்புகிறது. மெதுவாகச் சுற்றுங்கள்.

தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசி. கடற்கரையில் ஊசிக்கு ஆயுசு குறைவு. கண்ணுக்குத் தெரியாத துருப்புள்ளி போதும், நூலைப் பிடித்து இழுக்கும். நகத்தை ஊசி நெடுகிலும் ஓட்டிப் பாருங்கள், எங்காவது தட்டினால் மாற்றுங்கள். புதிய ஊசி போடும்போது நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூல் கண்ணுக்குள் நுழைய வேண்டும். மெல்லிய துணிக்கு 11, சாதாரணத்துக்கு 14, கனத்த துணிக்கு 16. மிச்ச ஊசிகளை எண்ணெய் தொட்ட துணியில் செருகிச் சிறு டப்பாவில் மூடி வையுங்கள். இரவில் பாபின் கேஸைக் கழற்றித் துடைத்து, அடியில் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, மெஷினைத் துணியால் மூடிவிடுங்கள். காலையில் முதல் இரண்டு வரி பழைய துணியில் ஓடட்டும், எண்ணெய்க் கறை அதில் போய்விடும்.

கொக்கியைச் சுற்றிப் பழுப்புக் கறை

இரும்புக் கொக்கி வியர்வையிலும் உப்புக் காற்றிலும் துருப்பிடித்திருக்கிறது. வெள்ளைப் பருத்தியில் எலுமிச்சைச் சாறும் கல் உப்பும் தடவி, வெயிலில் அரை நாள் காயவைத்து அலசினால் கறை மங்கும். சாயத் துணியில் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், சாயமும் போகலாம். ஆனால் முதலில் பழைய கொக்கிகள் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். கறை பட்டது இரண்டு கொக்கியில்தான் என்றாலும் ஆறையும் மாற்றுங்கள். மிச்ச நாலும் அதே நாளில், அதே அட்டையிலிருந்து எடுத்துத் தைத்தவைதான். பித்தளைக் கொக்கி ஒரு அட்டைக்குக் கொஞ்சம் கூட விலை, அதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.